நிறத்தைத் தொடாதவர்

எதைச் சொன்னாலும் அந்த அக்கா முதலில் கேட்பது ஒன்றுதான். "யாரு பாத்தா?"

கிள்ளான் ரயில் இன்றைக்குத் தாமதம் என்றால், "யாரு பாத்தா?" முனைக்கடையில் மீன் தலைக்கறி நன்றாக இருக்கிறதாம் என்றால், "யாரு பாத்தா?" அலுவலகத்தில் ஒருவர் தன் பெரியப்பா இறந்துவிட்டதாகச் சொல்லி விடுப்பு கேட்டபோதும் அந்தக் கேள்வி அக்கா வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த மனிதர் திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பை வெட்டி எடுத்து அக்காவின் மேசைமேல் வைத்தார். அக்கா அதைப் பொறுமையாக வாசித்துவிட்டு, "சரி" என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. கீழே மாலை கட்டும் கடை. மேலே வரும் படிக்கட்டு முழுக்க மல்லிகை வாசமும் சாம்பிராணி வாசமும். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழாச் சுவரொட்டி, மாவு பாக்கெட், சாமி படம் போட்ட காலண்டர் எல்லாம் செய்து கொடுப்போம். அதுவரை தூரிகையிலும் கத்தரிக்கோலிலும் நடந்த வேலை அப்போதுதான் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது. படங்களில் தமிழ் எழுத்துகளை அடித்துப் பொருத்துவது என் வேலை. அக்கா படங்களைச் செய்பவர். எங்கள் முதலாளியை எல்லோரும் பாஸ் என்போம். மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த குடும்பம். கோபம் சட்டென்று வரும், சட்டென்று போகும். அவருடைய மனைவியின் தம்பி விற்பனையைக் கவனித்தார். மினுமினுக்கும் பட்டு டையும் சென்ட் வாசமுமாக வருவார். அவரை நாங்கள் சார் என்போம்.

அக்கா வேலை கேட்டு வந்த அன்று மாடியில் ஒரே சத்தம். ஒரு கோயில் கமிட்டித் தலைவர் தன் அம்மன் படத்தின் மாதிரி அச்சை மேசைமேல் வீசிவிட்டு நின்றுகொண்டிருந்தார். கம்ப்யூட்டரிலேயே வரைந்த படம். பிளாஸ்டிக் பொம்மை மாதிரி வழவழவென்று இருக்கிறது, கேன்வாஸ் துணியில் கையால் தீட்டியது போல் ஆக்கிக் கொடுங்கள் என்று அவர் கேட்டிருந்தார். எங்கள் ஆள் ஒருவர் கேன்வாஸ் துணியைப் படமெடுத்து அதன்மேல் போர்த்திவிட்டார். துணியின் சொரசொரப்பு வந்தது. கூடவே அதன் பழுப்பும் வந்துவிட்டது. அம்மனின் முகம் வாடி, பச்சைச் சேலை குளத்துப் பாசி போல் ஆகியிருந்தது.

"கேன்வாஸ் மாதிரி இருக்கணும்னுதான் சொன்னேன். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி ஆக்கச் சொன்னேனா?" என்று அவர் கத்தினார்.

படிக்கட்டில் நின்றிருந்த அக்கா, "கலர் மாறிருச்சுன்னு யாரு பாத்தா?" என்றார்.

எல்லோரும் திரும்பினோம். நாற்பது வயது இருக்கும். சாம்பல் நிறத்தில் முழுக்கைச் சட்டை, சாம்பல் நிறப் பாவாடை. கையில் ஒரு துணிப்பை.

"நான் பாத்தேன்மா. எனக்குக் கண்ணு இருக்கு," என்றார் தலைவர்.

"எந்த வெளிச்சத்துல?"

அக்கா அந்த அச்சை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போனார், பிறகு குழல் விளக்கின் கீழே வந்தார், பிறகு பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசியில், "ஆமா, மாறித்தான் இருக்கு," என்று ஒப்புக்கொண்டார். பாஸுக்கு வேடிக்கையாக இருந்தது. "எங்கே, நீ செஞ்சு காட்டு," என்றார்.

அவர் முதலில் திரைச்சீலையை இழுத்து மூடினார். ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கணினித் திரையைச் சுற்றிக் கூண்டு மாதிரி கட்டினார். வெளி வெளிச்சம் விழுந்தால் திரை பொய் சொல்லுமாம். பிறகுதான் உட்கார்ந்தார்.

அவர் செய்ததை எனக்குப் பிற்பாடு விளக்கினார். கம்ப்யூட்டர் ஒரு படத்தை மூன்று தாளாகப் பிரித்து வைத்துக்கொள்ளும் ஒரு வழி இருக்கிறது. ஒரு தாளில் வெளிச்சமும் இருட்டும் மட்டும். மற்ற இரண்டில் நிறம் மட்டும். சொரசொரப்பை முதல் தாளில்தான் போட வேண்டும். நிறத்தாள்கள் பக்கமே போகக் கூடாது. போடுவதற்கு முன்னால் துணியின் படத்திலிருந்து அதன் சொந்த நிறத்தை முழுக்க வடித்துவிட வேண்டும். வெறும் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் இழையின் மேடு எவ்வளவு வெளுக்கிறதோ, பள்ளம் அவ்வளவு கறுக்க வேண்டும். ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். கிட்டே போனால் துணி தெரியும். தள்ளி நின்றால் பழைய நிறம் பழையபடியே இருக்கும்.

"துணி வரணும். துணியோட கலர் வரக் கூடாது. அவ்வளவுதான் லா," என்றார், எங்கள் ஊரில் எல்லோரும் பேச்சின் கடைசியில் ஒட்டும் அந்த 'லா'வோடு.

செய்து முடித்த பிறகும் அவர் தன் கண்ணை நம்பவில்லை. அம்மனின் கன்னம், சேலை, குங்குமம் என்று இடம் இடமாகத் தொட்டு, முன்பிருந்த நிற எண்ணையும் இப்போதைய எண்ணையும் ஒப்பிட்டார். புதிய அச்சைக் கண்ட தலைவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பதான் சிரிக்கிறா," என்றார். வேறு யாராக இருந்தாலும் அந்த வார்த்தையில் குளிர்ந்து போயிருப்பார்கள். அக்கா, "நெசமாவா சொல்றீங்க, இல்ல சீக்கிரம் முடியட்டும்னு சொல்றீங்களா?" என்று கேட்டார்.

அந்தச் சாம்பல் உடையை அவர் மாற்றவே இல்லை. சட்டை மாறும், பாவாடை மாறும், நிறம் மட்டும் அதேதான். தீபாவளிக்கு முதல் நாள் எல்லோரும் புதுத்துணியில் வந்தபோதும் சாம்பல்தான். விதவை என்று சிலர் சொன்னார்கள். ஈப்போவில் புருஷனை விட்டுவிட்டு வந்தவர் என்று சார் சொன்னார். ஒருநாள் நான் மஞ்சள் சுரிதாரில் அவர் பின்னால் போய் நின்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லு லா. உன் மஞ்சள் என் ஸ்கிரீன்ல விழுது," என்றார். அப்போதுதான் புரிந்தது. உடுத்தும் துணியின் நிறம்கூடத் திரையில் விழுந்து தன் கண்ணை ஏமாற்றிவிடும் என்று பயந்து சாம்பலை உடுத்தி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அரக்குச் சேலையும் தலைநிறையப் பூவுமாக ஒரு பெண் என்னைப் பார்த்துத் தலையசைத்தபோது, யாரோ என்று நினைத்து நான் கடந்து போய்விட்டேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. எதையும் தொட்டுப் பார்ப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் துப்பட்டாவின் ஓரத்தை இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டுவார். பாசாரில் வெங்காயம் வாங்கப் போனால் வெங்காயத்தை விட்டுவிட்டுச் சாக்கைத் தடவிக்கொண்டு நிற்பார். பின்சந்தில் காரை பெயர்ந்த சுவர், மரப்பட்டை, ஆறிப்போன சப்பாத்தி என்று அவர் ஸ்கேனரில் வைக்காத பொருள் இல்லை. அதன் கண்ணாடியைத் துடைப்பது நான்.

"இந்தப் பொம்பள நம்ம பொருளையெல்லாம் காப்பி எடுத்து வச்சிக்குது. எதுக்குன்னு தெரியல," என்று சார் பாஸிடம் சொன்னதை நானே கேட்டேன். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. சாப்பிடும்போது என் டிபன் மூடியின் புள்ளிக் கோலத்தை அவர் உற்றுப் பார்த்தால் மூடியைத் திருப்பி வைத்துவிடுவேன்.

ஆனாலும் மத்தியானச் சாப்பாடு நாங்கள் இருவரும் சேர்ந்துதான். ஒரு சனிக்கிழமை அவரைக் கிள்ளானுக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா கோழிக்கறி வைத்துப் பிரமாதப்படுத்திவிட்டு, சாப்பிட்டு முடித்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"நீ படமெல்லாம் நல்லா செய்வியாமே, தங்கச்சி. இவ போட்டோ ஒண்ணு இருக்கு. மாப்ள வீட்டுக்கு அனுப்பணும். முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடேன்."

நான் வெட்கத்தில் சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கிருந்தே அக்காவின் குரல் கேட்டது.

"அது மட்டும் செய்ய மாட்டேன்க்கா."

"ஏன்? கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலைன்னு சொல்றாங்க?"

"முன்ன போட்டோக் கடையில இருந்தேன். என் தங்கச்சி படத்துக்கு நானே வெள்ளையடிச்சேன். படத்தைப் பாத்துட்டு சரின்னாங்க. மாப்ள நேர்ல வந்தான். அவளைப் பாத்தான். படத்தைப் பாத்தான். 'இது யாரு?'ன்னு கேட்டான்."

அக்காவே தொடர்ந்தார். "அவ இன்னும் என்கிட்ட பேசல. படத்தைக் குடுங்க. முகம் பளிச்சுன்னு அடிக்குது பாருங்க, பிளாஷ் பட்டிருக்கு. அதை வேணா ஓவியம் மாதிரி மெத்துன்னு ஆக்கித் தரேன். கலரைத் தொடமாட்டேன்."

அப்படியே செய்து கொடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவரைத்தான் நான் பிற்பாடு கட்டிக்கொண்டேன்.

அன்று கிளம்பும்போது எங்கள் கூடத்தில் கிடந்த பழைய தாழம்பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார். மலாய்க்காரப் பக்கத்துவீட்டு அம்மா பின்னிக் கொடுத்த பாய், ஓரம் பிய்ந்திருந்தது. "இதுல ஒரு துண்டு தருவீங்களாக்கா?" என்று கேட்டார். அம்மா கத்தரித்துக் கொடுத்தார்.

காலண்டர் விவகாரம் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. வருடக் கடைசியில் பெரிய கடைகளுக்குச் சாமி காலண்டர் செய்து கொடுப்பதுதான் எங்களுக்கு முக்கியமான வேலை. ஒரு நகைக்கடைக்காக அக்கா வரைந்த லட்சுமி, அச்சாகி வெளியே வருவதற்கு முன்னாலேயே கிள்ளானில் வேறொரு கடையின் பெயரில் தொங்கியது. மலிவுத் தாள், அதே லட்சுமி. அடுத்த வருடம் முருகனுக்கும் அதே கதி ஆனது. நகைக்கடைக்காரர் வந்து பாஸை எங்கள் எல்லோர் முன்னாலும் நார் நாராகக் கிழித்துவிட்டுப் போனார்.

பாஸின் சந்தேகம் சின்னையா அண்ணன்மேல் விழுந்தது. அண்ணன் ஐம்பது கடந்தவர், கிள்ளானை அடுத்த மேருவில் வீடு. இளமையில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். படங்கள் அடங்கிய டிஸ்க்கை மோட்டாரில் எடுத்துக்கொண்டு ஷா ஆலமில் அச்சுக்கான பிலிம் போடும் இடத்துக்குப் போய்வருவது அவர்தான். வழியில் யாருக்கோ காப்பி கொடுக்கிறார் என்று பாஸ் முடிவு கட்டிவிட்டார்.

"அடுத்த தடவையும் இப்படி ஆச்சுன்னா நான் போலிசுக்குப் போயிருவேன், சின்னையா. பாத்துக்க."

"நான் எடுக்கல பாஸ். எனக்கு அந்த மிஷின திறக்கவே தெரியாது."

"திறக்கத் தெரிஞ்சவன்கிட்ட குடுத்திருப்ப."

அண்ணனின் மகளுக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். திருடன் என்று பேர் கிளம்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து அவர் டிஸ்க் வைத்த உறையை யாரிடமும் சும்மா வாங்கமாட்டார். "ஒட்டுங்கம்மா. ஒட்டின இடத்துல கையெழுத்துப் போடுங்க," என்று நிற்பார். மற்றவர்கள் அவரோடு சேர்ந்து தேநீர் குடிப்பதை மெல்ல விட்டார்கள். நானும் அவர் மாடி ஏறி வந்தால் என் கைப்பையை மேசைக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். அக்கா மட்டும் அவரிடம் கொஞ்சமும் மாறவில்லை. முன்பு எப்படிப் பேசினாரோ அப்படியே பேசினார். எல்லோரையும் ஒரே அளவு சந்தேகப்படுகிறவருக்கு ஒருவரிடம் மட்டும் மாற என்ன இருக்கிறது?

மூன்றாவது வருடம் நகைக்கடைக்காரர் சரசுவதி கேட்டார். இதுதான் கடைசி வாய்ப்பு என்றும் சொன்னார். அக்கா வெகுநாள் உட்கார்ந்து செய்தார். வெள்ளைத் தாமரையும் வெள்ளைச் சேலையும், அந்த வெள்ளைக்குள் எத்தனையோ நிறம். வேலை முடிந்ததும் வழக்கம்போல் படத்தின் காப்பிகள் கைமாறின. பாஸ் வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்ப்பதற்கு ஒன்று. சார் வாடிக்கையாளர்களுக்குக் காட்ட ஒன்று. எழுத்துகளை வைத்துப் பார்க்க எனக்கு ஒன்று. பிலிம் போடுவதற்குச் சின்னையா அண்ணன் கொண்டுபோக ஒன்று. எல்லாம் ஒரே படம்தான் என்றே நாங்கள் நினைத்தோம்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிய நான் கிள்ளான் கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடை முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். சுவரில் எங்கள் சரசுவதி. கீழே எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கடையின் பெயர். கடைக்காரரிடம் கெஞ்சி ஒன்றை வாங்கிச் சுருட்டி, ரயிலில் நனையாமல் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தேன். அண்ணன் கதை முடிந்தது என்று எனக்கு அழுகை வந்தது.

அக்கா காலண்டரை விரித்தார். பூதக்கண்ணாடியை எடுத்துச் சேலையின்மேல் வைத்துக் குனிந்தார். அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது காலண்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இது உன் பாய்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. கண்ணாடியை என் கையில் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். சரசுவதியின் வெள்ளைச் சேலைக்குள், மேலும் கீழுமாக ஓடும் தாழை ஓலைப் பின்னல். எங்கள் கூடத்துப் பாய்.

"நாலு பேருக்கும் நாலு விதமா போட்டேன்," என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல். "கலர் ஒண்ணுதான். அதான் யாருக்கும் வித்தியாசம் தெரியல. சின்னையா அண்ணன் கொண்டு போனதுல சாக்கு. பாஸுக்கு அவர் ரூம் சுவரு. சாருக்கு அவரு டை துணி. உனக்கு இது. அச்சைப் பாத்துக் காப்பி அடிச்சிருந்தா அச்சுப் புள்ளி கலங்கிப் போயிருக்கும். இது உன் கம்ப்யூட்டர்ல இருந்த பைல்லேர்ந்து போயிருக்கு."

"அக்கா, நான் குடுக்கல."

"குடுத்தேன்னு சொல்லல. போயிருக்குன்னுதான் சொன்னேன்."

நான் யோசித்தேன். போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது என் நாற்காலி உயரம் மாறியிருந்தது. மேசையைச் சுற்றி சென்ட் வாசம். அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "சார்தான். சார் என் இடத்துல உக்காந்திருக்காரு. எனக்குத் தெரியும்," என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். "யாரு பாத்தா?"

அதுவரை எத்தனையோ முறை அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. யாரும் பார்க்கவில்லை. நான்தான் தமிழ் எழுத்தைப் பொருத்துகிறவள், கிள்ளான்காரி, காலண்டரைக் கொண்டு வந்தவளும் நான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் என் பக்கம்தான் கை காட்டியது.

அக்கா நேராக பாஸ் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சார் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அக்கா காலண்டரை விரித்து, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். என் காப்பி என்பதையும் மறைக்கவில்லை.

சார் உடனே, "அப்ப இந்தப் பொண்ணுதான். பாவம் சின்னையாவைப் போய் இத்தனை நாளா...," என்று தலையை ஆட்டினார்.

"சாந்தி, என்ன இது?" என்றார் பாஸ்.

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அழுகைதான் வந்தது. அப்போது வாசலில் நனைந்த மழைக்கோட்டோடு சின்னையா அண்ணன் நின்றிருந்தார். டிஸ்க் வாங்க வந்தவர். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"நான் பாத்தேன் பாஸ்," என்றார்.

"என்னத்தைப் பாத்தே?"

"சாந்தி சாப்பிடப் போயிருந்தப்ப சார் அது இடத்துல உக்காந்திருந்தாரு. ஒரு டிஸ்க்க எடுத்து பாக்கெட்ல போட்டாரு. நான் அந்தப் பெஞ்சுல உறை ஒட்டக் காத்துக்கிட்டிருந்தேன்."

"அதை ஏன்யா அப்பவே சொல்லல?"

அண்ணன் மழைக்கோட்டிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "திருடன்னு பேர் வாங்கினவன் சொன்னா யாரு கேப்பா பாஸ்? இப்ப இந்தப் பொண்ணு தலையில விழுது. அதான்."

சார் எழுந்து ஏதோ கத்தினார். தன் காப்பி தன்னிடமே இருக்கும்போது இவள் கம்ப்யூட்டரைத் தொடத் தனக்கென்ன தேவை என்றார். மாட்டினால் பழி அடுத்தவர் தலையில் விழட்டும் என்பதுதான் அந்தத் தேவை என்று எங்கள் எல்லோருக்கும் அப்போதே புரிந்துவிட்டது. பாஸுக்கும் புரிந்தது. காலண்டரைச் சுருட்டினார், மறுபடி விரித்தார், மறுபடி சுருட்டினார். "மச்சான், நீ வெளிய இரு," என்றார்.

சார் போனதும் அவர் கோபம் திரும்பிய திசை எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான். அக்காவிடம் கேட்டார்: "என் காப்பியிலயும் போட்டிருந்தியா?"

"போட்டேன் பாஸ்."

"என் ஸ்டூடியோவுல, என் சம்பளத்துல, என்னையே வேவு பாத்திருக்க?"

"உங்களை விட்டுட்டு மத்தவங்களுக்கு மட்டும் போட்டா, அவங்கதான் திருடங்கன்னு நான் முன்னாடியே முடிவு கட்டின மாதிரி ஆயிரும்."

பாஸ் சின்னையா அண்ணனிடம் அன்றே மன்னிப்புக் கேட்டார். அதைச் சொல்லியாக வேண்டும். எழுந்து நின்று கேட்டார். அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு மேருவுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். மைத்துனரைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, பிறகு சத்தமில்லாமல் திரும்பச் சேர்த்துக்கொண்டார். மனைவியின் தம்பி, என்ன செய்வார்? அக்காவைத்தான் போகச் சொன்னார். "உன் வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா உன்னைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு என் சுவரு ஞாபகம் வரும்," என்றார்.

அக்கா வாதாடவில்லை. தன் துணிப்பையில் சாக்குத் துண்டு, மரப்பட்டை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டார். அட்டைக் கூண்டை மட்டும் விட்டுவிட்டார். நான் படி இறங்கி மாலைக்கடை வரை கூடப் போனேன். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

"எங்க அம்மா கையால கத்தரிச்சுக் குடுத்ததையா எனக்குப் போட்டீங்க?"

"வேற எதைப் போட்டாலும் உன்னோடதுன்னு எனக்கு ஞாபகம் இருக்காது. நான் எழுதி வைக்கறது இல்லையே."

"சார்தான் எடுத்தாருன்னு நான் சொன்னப்ப நீங்க நம்பல."

"நம்பினேன் லா. நான் நம்பினா போதுமா? பாஸ் கேப்பாரே."

அது உண்மையா, என்னைத் தேற்றுவதற்குச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. சாலையைக் கடந்து போய்விட்டார். அறை எடுத்திருந்த இடம் இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் நான் போய்ப் பார்க்கவில்லை. அவரும் வரவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. எதைக் கொடுத்தாலும் அது ஒருநாள் எனக்கெதிரே சாட்சியாக வந்து நிற்குமோ என்ற ஒரு கூச்சம்.

தொண்ணூறுகளின் கடைசியில், பொருளாதாரம் படுத்த அந்த வருடங்களில் ஸ்டூடியோவும் படுத்துவிட்டது. நான் கல்யாணமாகிச் செமினிக்குப் போய், வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக் கல்யாணப் பத்திரிகை செய்ய ஆரம்பித்திருந்தேன். ஒரு மத்தியானம் ஷா ஆலமிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். மருந்து டப்பாக்களுக்கு லேபிள் அச்சடிக்கும் தொழிற்சாலை. அக்காவின் பெயரைச் சொல்லி, வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார், விசாரிக்க உங்கள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார் என்றார்.

"என் பேரையா?" என்று கேட்டேன்.

"உங்க ஒருத்தர் பேர்தான் இருக்கு. சொல்லுங்க, அவங்களை நம்பலாமா?"

அக்கா கிள்ளானில் என் அம்மாவிடம் எப்படியோ என் நம்பரைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்," என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அவங்க உங்களை நம்பமாட்டாங்க," என்றும் சொன்னேன்.

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். சொன்னது தப்போ, ஒருத்தி பிழைப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று அன்று முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் அக்காவே கூப்பிட்டார். எத்தனை வருடம் கழித்து. சாப்பிட்டாயா, பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒரு விசாரிப்பும் இல்லை.

"ஷா ஆலம்லேர்ந்து உனக்குப் போன் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"என்ன சொன்ன?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவரிடம் முடியாது. "கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னு சொன்னேன். நீங்க அவங்களை நம்பமாட்டீங்கன்னும் சொன்னேன்."

"அப்படியேவா சொன்ன?"

"அப்படியேதான்."

"சரி," என்றார். "அவங்களும் அதையேதான் சொன்னாங்க. அங்க யாரோ லேபிளைத் திருட்டுத்தனமா அடிச்சு விக்கறாங்களாம். நீ ரெண்டாவதா சொன்னதைக் கேட்டுத்தான் எடுத்தாங்களாம். நான் சேந்து நாலு நாளாச்சு."

எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. வேலை கிடைத்ததைச் சொல்ல அவர் கூப்பிடவில்லை. அவர்கள் சொன்னதும் நான் சொல்வதும் ஒத்துப் போகிறதா என்று பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஒத்துப் போச்சாக்கா?" என்றேன்.

"போச்சு," என்றார். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா?"

வரச் சொன்னேன். கோழிக்கறி வைக்க அம்மாவையும் கிள்ளானிலிருந்து வரவழைத்தேன்.